பத்தரை மணிக்கு இரண்டு தட்டு

எழுபத்திரண்டு வயது வரைக்கும் நான் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவள் அல்ல. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பட்டணத்துக்குப் போகிற நாட்களில் இடியப்பத்தை வாழையிலையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போவேன். வழியில் அதை அவிழ்க்கவும் மாட்டேன். திரும்பி வந்து கால் கழுவி, வீட்டில்தான் சாப்பிடுவேன். பிறகு எதற்கு அதைப் பட்டணம் காட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாய் என்று என் மனிசன் கேட்பார். பைக்குள் சாப்பாடு இருந்தால் பசி வராது என்று சொல்வேன். அது உண்மையும்தான்.

எங்கள் வீட்டில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற சட்டிதான் மச்சச் சட்டி. அது குசினிக்கு வெளியே கவிழ்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் அதன் நிழல்கூட உள்ளே விழாது. மனிசன் காலமான பிறகு நான் முழுச் சைவமாகிவிட்டேன். வேலையில்லாமல் கிடந்த மச்சச் சட்டியில் மண்ணைப் போட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டேன். நன்றாக வருகிறது.

இப்படி ஒழுங்காக இருக்கிறவள் கடைச் சாப்பாட்டை எப்படி நம்புவாள்? பலகையில் சைவம் என்று எழுதியிருப்பார்கள். பலகை எழுதுகிறவரும் சமைக்கிறவரும் ஒரே ஆளா என்ன? எந்தச் சட்டியில் நேற்று என்ன கொதித்தது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் இப்போது என்னைக் கேட்டுப் பாருங்கள். காலை பத்தரை மணிக்கு எந்தக் கடையில் வடை மொறுமொறுப்பாக இருக்கும், எங்கே பிட்டு பூப்போல உதிரும், எங்கே சம்பலுக்கு மிளகாயை இடிக்கிறார்கள், எங்கே அரைக்கிறார்கள் என்று நல்லூரில் இருந்து அளவெட்டி வரைக்கும் சொல்வேன். இதற்கெல்லாம் காரணம் என் தங்கச்சி.

தங்கச்சி என்னைவிட ஒன்பது வயது இளையவள். கலியாணம் முடித்த கையோடு ஜேர்மனிக்குப் போனாள். முப்பத்தெட்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டாள். அவள் மனிசனும் காலமாகி மூன்று வருடம். ஒரே மகள் கலியாணம் செய்து வேறு பட்டணத்தில் இருக்கிறாள். இவள் மூன்றாம் மாடியில், யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு யன்னல் தெரிகிற ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். மகளுடைய பேச்சைக் கேட்டு மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் விட்டவள், பால், தயிர், நெய்யையும் விட்டுவிட்டாள். வீகன் என்று அதற்குப் பெயராம். சைவத்துக்குள்ளே இன்னும் ஒரு சைவம் என்று நான் விளங்கிக்கொண்டேன். அப்ப என்னத்தைத்தான் தின்னுறாய் என்று தொலைபேசியில் கேட்டேன். வா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவோடு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே, இரண்டு மாதம்தான் அக்கா, திரும்புகிற ரிக்கெற்றும் எடுத்துவிட்டேன் என்றாள். உன்ரை வசதி என்றேன் நான்.

அந்தச் சொல்லோடு நான் நின்றுவிட்டேனே தவிர, மனதில் இருந்தது அது இல்லை. அவளுக்காகத் தெற்குப் பக்க அறைக்கு வெள்ளையடித்திருந்தேன். புது நுளம்புவலை வாங்கிக் கட்டியிருந்தேன். இரண்டு மாதத்துக்கு யாராவது அறைக்கு வெள்ளையடிப்பார்களா? அவள் இனி இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அங்கே அவளும் தனி, இங்கே நானும் தனி. ஆனால் வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது. நான் கேட்டு, அவள் மாட்டேன் என்றுவிட்டால், என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

வந்த மறுநாள் காலை அவளுக்குப் பிட்டு அவித்தேன். நான் பிட்டை நீத்துப்பெட்டியில்தான் அவிப்பேன். பனையோலையில் கூம்பு மாதிரிப் பின்னின பெட்டி அது. ஓலை வாசம் பிட்டில் ஏறும். அவளை இருத்தி, பக்கத்தில் நின்று வைத்தேன். போதும் என்றாள். இன்னொரு அகப்பை வைத்தேன். ஐயோ போதும் என்று கையால் தட்டை மறைத்தாள். கைமேல் வைத்தேன். எங்கள் பக்கத்தில் சாப்பிடுகிறவர் போதும் என்பது ஒரு மரியாதை, வைக்கிறவர் அதைக் கேட்காமல் விடுவது இன்னொரு மரியாதை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தால்தான் வயிறு நிரம்பும்.

இருங்கோ அக்கா, சேர்ந்து சாப்பிடுவம் என்றாள். நான் பிறகு என்றேன். ஒரு கிழமை இப்படியே போனது. எல்லாரும் எழும்பின பிறகு அடுப்படியில் நின்றபடி, சட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதை வழித்துச் சாப்பிடுவதுதான் என் பழக்கம். கறியின் ருசி முழுக்க அடியில்தான் இருக்கும். அது தெரியாதவர்கள்தான் மேலால் அள்ளுகிறார்கள்.

எட்டாம் நாள் அவள் தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, எனக்கு அறுபத்துமூண்டு வயசாகுது. நீங்கள் இருந்து சாப்பிட்டு நான் ஒருக்காலும் கண்டதில்லை."

"அதென்ன காணாத காட்சியே? எல்லாரும் திங்கிற மாதிரித்தான் நானும் திங்கிறன்."

"நாளைக்குப் பத்தரைக்கு வெளியிலை போய்ச் சாப்பிடுவம். அங்கை வைக்கிறதுக்கு வேறை ஆள் இருக்கும். நீங்கள் எனக்கு முன்னாலை இருக்கத்தான் வேணும்."

"கடையிலையோ? கண்டவை என்ன நினைப்பினம்? இவளின்ரை வீட்டிலை அடுப்பு எரியேல்லையெண்டு நினைப்பினம்."

"அடுப்புக்கும் வயசு போச்சுது. அதுவும் ஒருநாள் இருக்கட்டும்."

காலைச் சாப்பாட்டையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து, இரண்டுக்கும் நடுவில் ஆறுதலாகச் சாப்பிடுவதற்கு வெளிநாட்டில் பிறஞ்ச் என்று பெயராம். அதை அவள் பெரிய புதினமாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. விடிய நாலு மணிக்குத் தோட்டத்துக்கு இறைக்கப் போன மனிசனுக்குப் பத்து மணிக்குப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தூக்குச்சட்டியில் கொண்டுபோனவள் நான். வெங்காயப் பாத்திக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் பிறஞ்ச் வைத்திருக்கிறேன், பெயர் தெரியாமல்.

முதலில் போனது நல்லூர்ப் பக்கம், கோயிலில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஒரு பழைய சைவக்கடை. பஸ்சில் போய் இறங்கினோம். வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தேன், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. உள்ளே போய் இருந்தவுடன் ஒரு அட்டையைக் கொண்டுவந்து தந்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பெரிய எழுத்தென்றால் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பேன். அந்த அட்டையில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. நான் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பி நேரே குசினிக்குப் போனேன்.

உள்ளே சமையல்காரர் தோசைக்கல்லுக்கு முன்னால் வியர்த்து வழிய நின்றார். என்னைக் கண்டு திகைத்துப்போய், ஆர் அம்மா நீங்கள், என்ன வேணும் என்றார்.

"சாப்பிட வந்தனான்."

"சாப்பாடு முன்னுக்கல்லோ அம்மா."

"சாப்பாடு முன்னுக்கு. சட்டி இஞ்சைதானே இருக்குது."

அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார். சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், தேங்காய்ச் சம்பல், வடைக்கு ஊறின உழுந்து. சட்டி எல்லாம் மினுங்கியது. நிலம் கழுவியிருந்தது. அதில் இரண்டு, இதில் இரண்டு என்று விரலால் காட்டிவிட்டு வந்து இருந்தேன். அட்டை வாசிப்பதைவிட இது நல்ல வழி. தங்கச்சி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு இருந்தாள். வெட்கமாம்.

தோசைக்கு நெய்யா எண்ணெயா என்று அவள் கேட்டாள். நல்லெண்ணெய் என்றார்கள். அப்படியானால் அவளுக்கும் சரி. எனக்கு முன்னால் தட்டு வந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருவர் எனக்கு வைக்க, நான் இருந்து சாப்பிடுவதா? பக்கத்து மேசைக்காரருக்குச் சம்பல் முடிந்திருந்ததைப் பார்த்து, எழும்பி எடுத்துக் கொடுக்கக் கை துருதுருத்தது. தங்கச்சி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

வடை நல்ல வடை. இப்படி மொறுமொறுப்பாக எனக்குச் சுட வராது. இதைச் சொல்லும்போதும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னம் போகவேண்டும். பிறகு மத்தியானச் சோற்றுக்கு ஆயத்தம் தொடங்கிவிடுவார்கள், வடைச் சட்டி இறங்கிவிடும்.

அதோடு எனக்குப் பழகிவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் பத்தரைக்கு வெளிக்கிடுவோம். நான் சீலைக்குக் கஞ்சி போட்டு வைக்கத் தொடங்கினேன்.

எங்கள் இணுவிலிலேயே ஒரு கடை இருக்கிறது. கடை என்றால் கடையில்லை, ஒரு வீட்டு வளவு. மனிசன் தோட்டம் செய்கிறார், மனிசி சமைக்கிறாள். மாமரத்துக்குக் கீழே நாலு மேசை. எத்தனையோ வருடமாக அந்த வேலியைத் தாண்டிப் போய் வந்தும் நான் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே இலைக்கஞ்சி சிரட்டையில் தருவார்கள். முசுட்டை, முல்லை, வல்லாரை என்று காலையில் பிடுங்கின இலை. அதோடு கடித்துக் குடிக்கப் பனங்கட்டி. பிறகு குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும். குரக்கன் பிட்டுக்கு மாவைக் கொஞ்சம் கூட வறுக்கிறாள் என்று எனக்குப் பட்டது. குசினிக்குள் போய்ச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, அடுத்த முறை வரும்போது குறைத்திருந்தாள். நன்றாக இருக்கிறதோ என்று கேட்டாள். முந்தினதுதான் திறம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

அங்கேதான் தங்கச்சி மோர்மிளகாய்ப் பொரியலைக் கையில் எடுத்துவிட்டு, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். மோரில் ஊறப்போட்ட மிளகாய் அல்லவா? அதுவும் அவளுக்கு ஆகாது. மிளகாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் மோர்மிளகாய்க்காக என்னோடு சண்டை பிடித்தவள். மெல்ல என் தட்டில் வைத்தாள். நான் இரண்டையும் சாப்பிட்டேன். நெய்யை விட்டதுக்கு உனக்குச் சொர்க்கத்திலை இடம் இருக்கும், மோர்மிளகாயை விட்டதுக்கு முன்வரிசை என்றேன். சிரித்துப் புரைக்கேறிவிட்டது அவளுக்கு.

மானிப்பாயில் தேவாலயத்துக்குப் போகிற ஒரு வேதக்கார அம்மா நடத்துகிற இடத்தைப் பற்றிப் பலரும் சொன்னார்கள். படிப்பித்து இளைப்பாறினவ. தன் வீட்டு முன்பக்கத்தை மேசை போட்டுத் திறந்து வைத்திருக்கிறா. காலையில் மரக்கறி மட்டும்தான், மத்தியானத்துக்கு மேல் கடையே இல்லை. எனக்குப் போக மனம் வரவில்லை. அங்கே மீன் காய்ச்சாத வீடு இருக்குமா? தங்கச்சிதான் ஓட்டோ பிடித்து ஏற்றினாள்.

போனவுடன் நான் வழமைபோலக் குசினிக்குள் நுழைந்தேன். பலகைத் தட்டில் அடுக்கியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மணந்து பார்த்தேன். இரண்டு அடுக்கு, இரண்டு அகப்பைக் கூடு, நடுவில் ஒரு அலுமாரி. வீட்டுச் சட்டி ஒரு பக்கம், கடைச் சட்டி ஒரு பக்கம். என் வீட்டில்கூட இவ்வளவு கணக்காக இல்லை. திரும்பினால் அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறா, வகுப்பு வாசலில் நிற்கிற மாதிரி.

"பார்த்தாச்சோ?"

"ஓம்."

"எத்தினை புள்ளி?"

பிழையில்லை என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய நானும் உங்கடை குசினி பார்க்க வரட்டோ?"

வாருங்கோ என்று சொல்லாமல் என்ன செய்வது? உண்மையாகவே வந்தா. சனிக்கிழமை முழுக்க நானும் தங்கச்சியும் கழுவினோம். வந்தவ எல்லாவற்றையும் பார்த்து, கடைசியில் உறிக்கு மேலே நிமிர்ந்து, அந்தச் சிலந்திவலையும் உங்கடை சைவமோ என்று கேட்டா. தங்கச்சி நிலத்தில் இருந்து சிரித்தாள். அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அவவுடைய பாலப்பம் சாப்பிடாதவர்கள் சாப்பிட வேண்டும். விளிம்பு பொன்னிறம், நடுவில் தேங்காயின் முதற்பால் கட்டியாக நிற்கும். அதில் கொஞ்சம் பனங்கட்டி. மாட்டுப்பால் இல்லாததால் தங்கச்சி ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து சாப்பிட்டாள். முதல் நாளே அந்த அம்மா, தங்கச்சி இனி இங்கைதானோ என்று அவளைக் கேட்டா. போகத்தானே வேணும், ரிக்கெற் இருக்குது என்று தங்கச்சி சொன்னாள். சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் பாலப்பத்தைப் பார்த்தேன். ஆறுது, சாப்பிடு என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

நாட்கள் ஓடின. அவள் போவதற்கு ஒரு கிழமைதான் இருந்தது. அறையில் பெட்டியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு நாளும் எதையாவது உள்ளே வைப்பாள், மறுநாள் வெளியே எடுப்பாள். மிளகாய்த்தூள் வறுத்து இடித்துக் கொடுத்தேன். அதையும் உள்ளே வைத்தாள். மகள் அங்கிருந்து தொலைபேசியில் கதைக்கும்போது, குளிர் தொடங்கிவிட்டதோ என்று இவள் கேட்பது எனக்குக் கேட்கும். நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

கடைசியாக ஒருக்கால் அளவெட்டிக்குப் போவோம் என்று அவள்தான் சொன்னாள். அங்கே கோயிலுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை, தகரக் கூரை, ஐந்து மேசை. முதலாளியே கொண்டுவந்து வைப்பார். ஐம்பது வயது மதிக்கலாம், அதிகம் கதைக்காத மனிதர். பக்கத்து வீட்டில் யாரோ நாதஸ்வரம் பழகுவார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். பிட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அது சரிவருகிறதோ என்று கேட்டுக்கொண்டு இருக்கலாம். அங்கே பிட்டை நீத்துப்பெட்டியில் அவிக்கிறார்கள். நான் முதல்முறை குசினிக்குள் போனபோது ஓலை வாசம் அடித்தது. அதற்குமேல் ஒரு மூடியும் நான் திறக்கச் சொல்லவில்லை.

அன்றைக்கு அரிசிமாப் பிட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, தேங்காய்ப்பாலில் மாங்காய்ச் சொதி, இடித்த சம்பல். முதலாளி பிட்டுப் பாத்திரத்தோடு வந்து இரண்டு பேருக்கும் வைத்தார். தங்கச்சி வைத்த பிட்டைச் சாப்பிட்டு முடித்தாள். அவர் திரும்பி வந்து பாத்திரத்தை நீட்டினார்.

"போதும் அண்ணை," என்றாள் தங்கச்சி.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரத்தோடு உள்ளே போனார்.

அவ்வளவுதான். நல்ல மனிதர், அவரில் ஒரு குற்றமும் இல்லை. போதும் என்றார்கள், எடுத்துக்கொண்டு போனார். ஆனால் தங்கச்சியின் முகத்தை நான் பார்த்தேன். கழுத்தைத் திருப்பி, அந்தப் பாத்திரம் குசினி வாசலுக்குள் மறையும் வரைக்கும் பார்த்தாள். தட்டில் அரைவாசிக் குழம்பு அப்படியே கிடந்தது. விரல் அந்தரத்தில் நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் போதுமெண்டு சொன்னனி?"

"வைப்பார் எண்டு நினைச்சன் அக்கா. உங்களோடை இருந்து பழகிப்போச்சு."

அவளும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். பாதிச் சிரிப்பில் நான் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் நாதஸ்வரமும் அந்த நேரம் பார்த்து நின்றது.

செருப்பைக் கழற்ற முன்னமே அவள் சொன்னது என்ன? இரண்டு மாதம்தான் அக்கா. அந்த வேதக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தது ஏன்? என் வாழ்நாளில் யார் போதும் என்று சொன்னதையும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. தோட்டத்துக் கூலியாட்கள், மாப்பிள்ளை வீட்டார், சண்டை பிடித்துக்கொண்டு வந்த மைத்துனர், எல்லாருக்கும் கைமேல் வைத்தவள் நான். என் சொந்தத் தங்கச்சி வாசலில் வைத்துப் போதும் என்றவுடன், அந்தக் கடைக்காரர் மாதிரி, உன்ரை வசதி என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேனே.

எழும்பினேன். எங்கை போறியள் என்றாள். நேரே குசினிக்குப் போய் முதலாளியிடம் அந்தப் பாத்திரத்தைத் தாருங்கோ என்றேன். அவர் என்னைப் பழகினவர், தந்துவிட்டார். அகப்பையோடு வந்து தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றேன். வீட்டில் நிற்கிற மாதிரியே நின்றேன். ஒரு அகப்பை வைத்தேன்.

"தைப்பொங்கல் முடியட்டும். பிறகு பார்ப்பம்," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"ரிக்கெற் எடுத்தாச்சு அக்கா."

"ரிக்கெற்றைத் தள்ளிப் போடலாமாம். வேதக்கார அம்மா சொன்னவ." இன்னொரு அகப்பை வைத்தேன். "சித்திரை வருஷமும் முடியட்டும்."

"ஐயோ அக்கா, போதும். பிள்ளை என்ன சொல்லுவாள்?"

கையால் தட்டை மறைத்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, வாய் சிரித்தது. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். மூன்றாவது அகப்பையை நிறைய அள்ளி அவள் கைமேல் வைத்தேன்.

"நீ இனிப் போகவேண்டாம். இஞ்சையே இரு. உனக்குத்தான் அந்த அறைக்கு வெள்ளையடிச்சனான்."

அவள் கையை எடுக்கவில்லை. பிட்டு சூடு. விரலுக்கு நடுவால் தட்டில் உதிர்ந்தது. பிறகு கையைத் தட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"சொதி விடுங்கோ."

நான் சொதி விட்டேன். அது மேசையிலும் சிந்தியது. முதலாளி துணியோடு வந்து துடைத்துவிட்டு, இன்னொரு பிட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து தானாகவே எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கடையில் இருந்தபடியே அவள் மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கே விடிந்தும் விடியாத நேரம். பிள்ளை பயந்துபோய் எடுத்திருக்கிறாள். விசயத்தைச் சொன்னவுடன், அம்மா, பெரியம்மா எப்ப கேட்பா எண்டுதானே நீங்கள் அந்த மூண்டாம் மாடி வீட்டைத் திருத்தாமல் வைச்சிருந்தனியள் என்று சொன்னாள். அதைத் தங்கச்சி எனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தொலைபேசி சத்தமாக இருந்ததால் எனக்கே கேட்டுவிட்டது. அடுத்த தையில் அவளும் மனிசனும் வருகிறார்கள். நாலு கடையிலும் ஒவ்வொரு நாள் சொல்லி வைத்திருக்கிறேன்.

இங்கே தங்குவதற்கான கடதாசி வேலை எல்லாம் தங்கச்சியே ஓடித் திரிந்து பார்த்தாள். மிளகாய்த்தூளைப் பெட்டிக்குள் இருந்து எடுத்துக் குசினிப் போத்தலில் கொட்டினாள். இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் பத்தரைக்கு வெளிக்கிடுகிறோம். சண்டிலிப்பாய்ப் பக்கம் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்களாம், பலாக்காய்ப் பிரட்டல் இறைச்சி மாதிரியே இருக்குமாம். இறைச்சி மாதிரி இருக்கிறதை நான் ஏன் சாப்பிடவேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் சட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வீட்டில் சாப்பிடுகிற நாட்களில் ஒருநாள் நான் வைக்க வேண்டும், மற்ற நாள் அவள் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். அளவெட்டிக்குப் போய் வந்த மறுநாளே அது தொடங்கியது. என்னைப் பிடித்து இருத்தினாள். இடியப்பமும் சொதியும் அவளே செய்தாள், பக்கத்தில் நின்று வைத்தாள். இடியப்பம் கொஞ்சம் தடிப்பு, ஆனால் சொதி நல்ல சொதி. நாலு இடியப்பம் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு சாப்பிடலாம் போல இருந்தது. அவள் இடியப்பத் தட்டை நீட்டினாள்.

போதும் என்றேன்.

சரி அக்கா என்று அவள் இடியப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முப்பத்தெட்டு வருட ஜேர்மனி அல்லவா? சொதி ஊற்றின வெறும் தட்டோடு நான் இருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், வருகிற மாதிரித் தெரியவில்லை. பிறகு குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"எடியே, ரெண்டு கொண்டு வா."